நாய விளம்பரம் போட்டு இன்னொரு வீட்டுக்கு குடுக்கணுமா? நம்ம திருநெல்வேலி பக்கத்துக்கு ஒரு முழு வழிகாட்டி

"டிரான்ஸ்பர் காரணமாக லேப் (லாப்ரடார்) ஆண், 3 வயசு, ரொம்ப பாசமா இருக்கும், நல்ல வீட்டுக்கு ஃப்ரீ, உடனே எடுக்கணும்." ஓஎல்எக்ஸ்ல திருநெல்வேலின்னு போட்டு நாய் தேடுனா இந்த மாதிரி விளம்பரம் கண்ணுல படாம இருக்காது, பேஸ்புக்ல நம்ம ஊரு வாங்க-விக்க குரூப்ல இன்னும் கிடக்கும், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல வேற ஓடும். அதுல ஊசி போட்டாச்சான்னு இருக்காது, கருத்தடை பண்ணியாச்சான்னு இருக்காது, சின்னப் பிள்ளைங்க இருக்கிற வீட்டுக்கு சரிப்படுமான்னு இருக்காது. ரெண்டு நாள்ல யாரோ ஒருத்தர் பைக்ல வந்து நடுவுல உக்கார வச்சு கூட்டிட்டுப் போயிருவாங்க, அதோட அந்த நாய் என்ன ஆச்சுன்னு யாருக்கும் தெரியாது.

நாய வேற வீட்டுக்கு குடுக்கிறதே பாவம்னு நான் சொல்லல. வளத்த அப்பா தவறிப் போயிருப்பாரு, பசங்க சென்னைலயும் துபாய்லயும் இருப்பாங்க, தனியா இருக்கிற அம்மாவால 35 கிலோ நாய பிடிச்சு நடத்த முடியாது, இதெல்லாம் நிஜமான கஷ்டம். ஆனா அந்த நாய்க்கு நம்ம யார்கிட்ட குடுக்கோம்னு தெரியாது, வேண்டாம்னு சொல்ல வாயும் கிடையாது, அதனால அது கேக்க வேண்டிய கேள்விய எல்லாம் நீங்கதான் கேக்கணும், அதப் பத்தி சொல்ல வேண்டிய உண்மைய எல்லாம் நீங்கதான் சொல்லணும். அத எப்படி செய்றதுன்னு ஒவ்வொண்ணா பாப்போம்.

முதல்ல, குடுத்துத்தான் ஆகணுமா?

பாதி கேஸ்ல குடுக்கவே தேவ இருக்காதுங்கிறது என் அபிப்ராயம். வீட்டுல மருமக மாசமா இருக்கா, நாய் முடி ஆகாதுன்னு பெரியவங்க சொல்லுதாங்கன்னு வருவாங்க. டாக்டர்கிட்ட கேட்டீங்களான்னா கேட்டிருக்க மாட்டாங்க. ஊசி போட்டு, பூச்சி மருந்து குடுத்து, உண்ணி இல்லாம சுத்தமா வச்சிருக்கிற நாயோட குழந்தைங்க நல்லாவே வளருதாங்க, ரெண்டையும் தனியா விடாம ஒரு பெரிய ஆள் பக்கத்துல இருந்தா போதும்.

"திடீர்னு உறும ஆரம்பிச்சிருச்சு, பயமா இருக்கு"ன்னு சொல்றவங்க முதல்ல டாக்டர்கிட்ட காட்டுங்க. காதுக்குள்ள சீழ் பிடிச்சிருக்கும், இடுப்பு வலி இருக்கும், உண்ணிக் காய்ச்சல் இருக்கும், வலிக்கிற இடத்துல கை வச்சா எந்த நாயும் உறுமத்தான் செய்யும். பக்கத்து மாட்டாஸ்பத்திரிலயே காட்டலாம், ரத்தம் டெஸ்ட், ஸ்கேன்னு பெருசா பாக்கணும்னா இராமையன்பட்டில அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கு, அங்க ஆஸ்பத்திரி உண்டு. வாடகை வீட்டுக்காரர் பிரச்சனைன்னா அவர்கிட்ட நேர்ல உக்காந்து பேசிப் பாருங்க, அவருக்கு குலைக்கிற சத்தம்தான் பிரச்சனையா வாசல்ல அசிங்கம் பண்றதுதான் பிரச்சனையான்னு தெரிஞ்சா சரி பண்ண வழி இருக்கும்.

ஒண்ணு மட்டும் கண்டிப்பா சொல்லணும். நாய் யாரையாவது கடிச்சிருந்தா, அன்னைக்கே கோவத்துல விளம்பரம் போடாதீங்க. கடிச்ச நாய 10 நாள் கண் பார்வைல வச்சுப் பாக்கணும்கிறது ரேபிஸுக்காக உலகம் பூரா இருக்கிற நடைமுறை. அந்த 10 நாளுக்குள்ள நாய வேற ஊருக்கு அனுப்பிட்டா கடி வாங்குன ஆளுக்கும் ஆபத்து, வாங்கிட்டுப் போன வீட்டுக்கும் ஆபத்து. கடி வாங்குனவங்க காயத்த சோப்பு போட்டு ஓடுற தண்ணில 15 நிமிஷம் கழுவிட்டு நேரா ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்கோ பக்கத்து ஜிஹெச்சுக்கோ போகணும், வீட்டு நாய்தானே ஊசி போட்டதுதானேன்னு சும்மா இருக்கக்கூடாது. ரேபிஸ் அறிகுறி வந்துட்டா அதுக்கு மேல காப்பாத்துறது கிட்டத்தட்ட நடக்காத காரியம்.

இதெல்லாம் பாத்தும் குடுத்துத்தான் ஆகணும்னா, விளம்பரத்துக்கு முன்னாடி தெரிஞ்சவங்கள ஒரு சுத்து கேளுங்க. சித்தப்பா வீடு, கூட வேலை பாக்குறவங்க, தெனம் காலைல நாயப் பாத்து கொஞ்சிட்டுப் போற பால்காரர், யாருக்குத் தெரியும். நாய் ஏற்கனவே மோந்து பாத்து பழகின ஆள் கெடைச்சா அத விட நல்லது இல்ல. குட்டியா வாங்கினப்போ குடுத்தவர் நல்ல ஆளா இருந்தா அவர்கிட்டயும் சொல்லுங்க, நேர்மையான பிரீடர் திரும்ப எடுத்துக்கிடுவாங்க, இல்லன்னா ஒரு வீடாவது காட்டுவாங்க.

நாய தயார் பண்றது

ரேபிஸ் ஊசி வருஷா வருஷம் போட்டிருக்கணும், விட்டுப் போயிருந்தா இப்ப போட்டுருங்க. பார்வோ, டிஸ்டெம்பர்ங்கிற தொத்து நோய்க்கு சேத்துப் போடுற ஊசியும் அப்படித்தான். டாக்டர் சீல் வச்ச ஊசி புக் கையில இருக்கணும், அது தொலைஞ்சிருந்தா போட்ட இடத்துலயே கேட்டு புதுசா எழுதி வாங்கிக்கிடுங்க. பூச்சி மருந்து குடுங்க, உண்ணி இருந்தா மருந்து போட்டு சரி பண்ணுங்க. நம்ம ஊரு வெயிலுக்கு உண்ணி சீக்கிரம் பெருகும், அது வழியா வர்ற காய்ச்சல் மூக்குல ரத்தம் வர்ற அளவுக்கு போயிரும், அத மறைச்சு அடுத்த வீட்டு தலைல கட்டுறது அநியாயம்.

அடுத்தது கருத்தடை. நிறைய பேரு இத செலவா பாக்காங்க, நான் இதத்தான் எல்லாத்துலயும் முக்கியமா பாக்கேன். ஃப்ரீயா பெட்டை லேப் இருக்குன்னு விளம்பரம் போட்டா முதல் போன் பெரும்பாலும் குட்டி எடுத்து விக்கிற ஆள்கிட்ட இருந்துதான் வரும். பெட்டை நாய் வருஷத்துக்கு ரெண்டு தடவை சூட்டுக்கு வரும், 63 நாள்ல குட்டி போடும், ஒவ்வொரு தடவையும் சினைக்கு விட்டு அது எலும்பும் தோலுமா ஆன பிறகு ரோட்டுல விட்டுட்டு அடுத்த ஃப்ரீ விளம்பரத்துக்கு போன் அடிப்பாங்க. நாய விக்கிறதுக்கு வளக்கிறவங்களுக்கு 2017ல மத்திய அரசு விதி கொண்டு வந்திருக்கு, மாநில விலங்கு நல வாரியத்துல பதிவு பண்ணணும், 8 வாரம் ஆகாத குட்டிய விக்கக்கூடாது, 18 மாசம் ஆகாத பெட்டைய சினைக்கு விடக்கூடாதுன்னு எல்லாம் அதுல இருக்கு. ஆனா வீட்டு பின்னாடி கூண்டு வச்சு பண்றவங்க எத்தன பேரு பதிவு பண்ணியிருக்காங்க? கருத்தடை ஆபரேஷன் பண்ணிட்டேன்னு விளம்பரத்துல ஒரு வரி போட்டீங்கன்னா அந்தக் கூட்டம் தானா ஒதுங்கிரும். மிச்சம் போன் பண்றவங்க கம்மியாத்தான் இருப்பாங்க, ஆனா அவங்க நாய்க்காக பண்றவங்க.

விளம்பரம் எழுதுறது

நல்லத மட்டும் எழுதி குடுத்துட்டா நாய் ஒரு வாரத்துல திரும்பி வரும், இல்ல திரும்பி வராம ரோட்டுக்குப் போகும். அதனால குறைய முதல்ல எழுதுங்க. நான் எழுதச் சொல்றது இப்படித்தான் இருக்கும்:

"பேரு டைகர், ராஜபாளையம் ஆண், 4 வயசு, கருத்தடை பண்ணியாச்சு, ரேபிஸ் ஊசி இந்த வருஷம் போட்டாச்சு, புக் இருக்கு. பிறவியிலயே காது கேக்காது, கையால சைகை காட்டினா புரிஞ்சுக்கும். தூங்கும்போது பின்னாடி போய் தொட்டா பதறி கடிக்க வரும், அதனால சின்னப் பிள்ளைங்க இருக்கிற வீட்டுக்கு வேண்டாம். பூனை, கோழிய விரட்டும். எங்க வீட்டுப் பிள்ளைங்கள அது நல்லா தெரிஞ்சு வச்சிருக்கு, புது ஆளுக்கு ஒரு மாசம் ஆகும். அப்பாவுக்கு பக்கவாதம் வந்ததால குடுக்கோம். வீட்டுக்கு வந்து பாத்துட்டுத்தான் குடுப்போம், சங்கிலில கட்டியே போடுற இடத்துக்கு இல்ல."

காது கேக்காதத சும்மா சொல்லல. சுத்த வெள்ளை ராஜபாளையத்துல சிலதுக்கு பிறவிச் செவிடு உண்டு. நாய் அந்தப் பக்கம் பாத்திட்டு இருக்கும்போது பின்னாடி நின்னு எவர்சில்வர் தட்ட கீழ போட்டுப் பாருங்க, காது கூட அசையலன்னா டாக்டர்கிட்ட காட்டிட்டு விளம்பரத்துல எழுதுங்க. இது தெரியாம வாங்கிட்டுப் போன வீட்டுல "கூப்பிட்டா வர மாட்டேங்குது, திமிரு பிடிச்ச நாய்"னு அடி வாங்கிட்டு கிடக்கும், பாவம்.

போட்டோ ரெண்டு மூணு போடுங்க, நாய் நின்னபடி முழு உடம்பும் தெரியணும். வீட்டு நம்பர், வண்டி நம்பர், பிள்ளைங்க முகம் அதுல வேண்டாம். வயச குறைக்காதீங்க, பல்ல பாத்தா டாக்டர் சொல்லிருவாரு. கலப்பா இருந்தா கலப்புன்னே போடுங்க. கேசிஐ பேப்பர் (கென்னல் கிளப் ஆஃப் இந்தியா குடுக்கிற ஜாதி சர்டிபிகேட்) இருந்தா இருக்குன்னு சொல்லுங்க, ஆனா பேப்பர் இருக்கிற நாய் குட்டி எடுக்கிறவங்களுக்கு இன்னும் ருசி, அங்க இன்னும் உஷாரா இருங்க.

ஃப்ரீயா, காசுக்கா

இதுல ஆளாளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க. வளத்த பிள்ளைக்கு காசு வாங்குறதான்னு மனசு கேக்காது. ஆனா முழுசா இலவசம்னு போட்டா, வாங்கி நாளைக்கே வேற படத்தோட 8000 ரூபாய்க்கு விளம்பரம் போடுற புரோக்கருக்கு வேல லேசாயிரும். ஊசிக்கும் கருத்தடைக்கும் ஆன செலவுல ஒரு பங்கு, ஆயிரமோ ரெண்டாயிரமோ கேக்குறது தப்பே இல்ல. காசு வாங்க மனசு இல்லன்னா அதுக்கு பதிலா நாய் கட்டு, தட்டு, ஒரு மூடை தீனி வாங்கி வச்சிட்டு போட்டோ அனுப்புங்கன்னு சொல்லுங்க, அதையும் செய்ய யோசிக்கிற ஆள் நாளைக்கு ஊசிக்கு செலவழிப்பாரா? நாய லாபத்துக்கு விக்கிறது வேற கதை, குடுக்கிறேங்கிற பேர்ல அத செய்யாதீங்க. பேஸ்புக்ல ஆளுக்கு ஆள் பிராணி விக்கக்கூடாதுன்னு விதியே இருக்கு, அதுக்குத்தான் "விலை இன்பாக்ஸ்ல"ன்னு போட்டு சுத்துறாங்க.

காசு விஷயத்துல உங்களையே ஏமாத்துறவங்களும் வருவாங்க. மிலிட்டரில இருக்கேன், வர முடியாது, பணம் இப்பவே போடுதேன், இந்த கியூஆர ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்கம்பாங்க. பணம் வாங்குறதுக்கு யாரும் பின் போடத் தேவையில்ல, பின் போட்டா உங்க காசுதான் போகும். ஏமாந்துட்டீங்கன்னா உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு போன் பண்ணுங்க.

போன்ல பேசுறது

முதல் போன்லயே ஆள் ஓரளவுக்கு தெரிஞ்சிருவாரு. நாயப் பத்தி கேக்காரா, இல்ல "பேப்பர் இருக்கா, பெட்டையா, எத்தன ஈத்து போட்டிருக்கு"ன்னு மட்டும் கேக்காரான்னு கவனிங்க. பேச்சு இப்படி போகும்:

"அண்ணாச்சி, நாய் இருக்கா?"
"இருக்கு தம்பி. எந்த ஊரு நீங்க?"
"களக்காடு பக்கம் அண்ணாச்சி. தோட்டத்துக்கு காவலுக்கு வேணும்."
"சரி. ராத்திரி அது எங்க படுக்கும்?"
"மோட்டார் ரூம் பக்கத்துல கட்டிப் போட்ருவோம்."
"ஆள் கூட இருப்பாங்களா?"
"ஆள் எதுக்கு அண்ணாச்சி, அதான் நாய் இருக்குல்லா."

இந்தத் தம்பி கெட்டவர் கிடையாது, காட்டுப் பன்னி வாழைய அழிச்சிட்டுப் போற கஷ்டம் அவருக்கு. ஆனா வீட்டுக்குள்ள சோபா பக்கத்துல வளந்த லேப்ப அங்க குடுக்க முடியாது. களக்காடு, பாபநாசம், விக்கிரமசிங்கபுரம்னு மலை அடிவாரத்துல ராத்திரி சிறுத்தை இறங்குது, ஆட்டையும் கட்டிப் போட்ட நாயையும் தூக்கிட்டுப் போகுது. அவுத்து விட்டா பன்னிக்கு கள்ளத்தனமா வைக்கிற கரண்டு கம்பில மாட்டும். இதச் சொன்னா கோவப்பட மாட்டாங்க, மரியாதையா "இது வீட்டு நாய் தம்பி, தோட்டத்துல தாங்காது"ன்னு சொன்னா போதும்.

சிப்பிப்பாறை, கன்னி மாதிரி வேட்டை ஜாதி நாய குடுக்கிறவங்க இன்னொண்ணையும் கேக்கணும், முயல் வேட்டைக்கா? ஓட்டம் எப்படி, எத்தன முயல் பிடிச்சிருக்குன்னு விசாரிக்கிற ஆளுக்கு குடுக்காதீங்க. வேட்டை 1972 வனவிலங்கு சட்டப்படி குத்தம், அதுல நாய் முள்ளுலயும் கிணத்துலயும் விழுந்து சாகுறது தனி.

கேக்க வேண்டிய மத்தது: முன்னாடி நாய் வளத்திருக்கீங்களா, அது என்ன ஆச்சு, வீட்டுல எல்லாருக்கும் சம்மதமா, வாடகை வீடுன்னா ஓனருக்கு தெரியுமா, கோயில் கொடைக்கோ கல்யாணத்துக்கோ நாலு நாள் ஊருக்குப் போனா யாரு பாப்பாங்க, எந்த டாக்டர்கிட்ட காட்டுவீங்க. முன்னாடி வளத்த நாய் என்ன ஆச்சுங்கிற கேள்வில குரல் மாறுதான்னு கேளுங்க. வயசாகி செத்துச்சுன்னு சொல்றவங்க அதோட பேரையும் சேத்துத்தான் சொல்லுவாங்க. ஓடிப் போச்சு, வண்டில அடிபட்டுச்சு, இன்னொண்ணும் அப்படித்தான்னு வரிசையா வந்தா வேண்டாம்.

வீட்டப் போய் பாருங்க

இத விடவே விடாதீங்க. சங்கடமா இருக்கு, பொண்ணு பாக்கப் போற மாதிரி இருக்கும்பாங்க, இருக்கட்டுமே. நாயையும் கூட்டிட்டுப் போங்க.

ஒரு வீட்டுக்கு நான் கூடப் போயிருந்தேன், அம்பாசமுத்திரம் பக்கம், நல்ல வசதியான வீடு, காபி குடுத்து அவ்வளவு மரியாதையா பேசுனாங்க. பின்வாசல்ல கை கழுவப் போறேன்னு போய் பாத்தா வேப்ப மரத்தடில ஏற்கனவே ஒரு நாய் நின்னுட்டு இருந்துச்சு, சங்கிலி அதோட உடம்பு நீளம் கூட இல்ல, அது சுத்திச் சுத்தி நடந்த இடம் மட்டும் புல்லு இல்லாம வட்டமா பள்ளம் விழுந்து கிடந்துச்சு, அலுமினியச் சட்டில தண்ணி பாசி பிடிச்சு பச்சையா இருந்துச்சு. அதுக்கு வயசாயிருச்சு, அதான் இன்னொண்ணு பாக்கோம்னாங்க. நாங்க நாயக் கூட்டிட்டு திரும்பிட்டோம். அதனால எப்பவும் பின்வாசலப் பாருங்க. சுத்துச்சுவர் உசரம், கேட் இடுக்கு, மத்தியானம் ரெண்டு மணிக்கு நிழல் எந்தப் பக்கம் விழுது, மொட்டை மாடில விடுற பழக்கம் உண்டா, பாருங்க. சித்திரை வெயில்ல மொட்டை மாடி சிமெண்ட் தரைல நாய் பாதம் வெந்து தோல் உரியும். ஹஸ்கி மாதிரி ரோமக்கட்டு நாயா இருந்தா இந்த ஒரு விஷயத்துக்காகவே வேண்டாம்னு சொல்லலாம்.

சின்ன வீடு, ஓட்டு வீடுன்னு கழிக்காதீங்க. ஒத்த ரூம் வீட்டுல தாங்க சாப்பிடுறதுல பங்கு வச்சு, கட்டில் கீழ படுக்க வைக்கிற குடும்பத்துல நாய் ராசா மாதிரி இருக்கும். பணம் பாக்காதீங்க, அந்த வீட்டு ஆளுங்க நாய் பக்கத்துல எப்படி உக்காருதாங்கன்னு பாருங்க.

குடுக்கிற அன்னைக்கு

காலைல குடுங்க, ராத்திரி குடுத்தா புது இடத்துல பயந்து குலைச்சுட்டே கிடக்கும். ஒரு வெள்ளத் தாள்ல நாயோட அடையாளம், யாரு யாருக்கு குடுக்காங்க, விக்க மாட்டோம், வச்சுக்கிட முடியலன்னா உங்ககிட்டதான் திருப்பிக் குடுப்போம்னு எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, ஆதார் பாத்து அட்ரஸ் சரியான்னு பாத்துக்கிடுங்க. மைக்ரோசிப் (தோலுக்கு அடியில வைக்கிற அடையாளச் சிப்) இருந்தா அந்த 15 இலக்க நம்பரையும் எழுதி, அது பதிவான இடத்துல பேரு மாத்துங்க. ஊசி புக், அது படுக்கிற துணி துவைக்காம, தின்னு பழகின தீனி பத்து நாளைக்கு, இத கூட அனுப்புங்க. என்ன வார்த்தைக்கு உக்காரும், இடி வெடிக்கு எங்க போய் ஒளியும்னு எழுதிக் குடுங்க. தீவாளி நெருங்குற நேரத்துல குடுக்கவே குடுக்காதீங்க, புது வீட்டுல முதல் வெடிக்கே கேட்ட தாண்டி ஓடிரும்.

வெளியூருக்குன்னா "ஆம்னி பஸ்ல போட்டு விட்ருங்க"ம்பாங்க. அட்டைப் பெட்டில நாலு ஓட்டை போட்டு லக்கேஜ் டிக்கில வச்சு சென்னைக்கு அனுப்புற பழக்கம் இருக்கு, அந்த சூட்டுல காத்து இல்லாம போய் இறங்கும்போது உசுரோட இருக்கிறது அதோட அதிர்ஷ்டம். நெல்லை ஜங்ஷன்ல இருந்து ரயில்ல கொண்டு போகலாம், ஃபர்ஸ்ட் ஏசில கூபே (ரெண்டு பேர் படுக்கிற தனி ரூம்) முழுசா புக் பண்ணா கூடவே வச்சுக்கிடலாம், இல்லன்னா பார்சல்ல பதிவு பண்ணி ரயில் கார்டு போற வேன்ல இருக்கிற நாய்ப் பெட்டில போகும், டாக்டர் சர்டிபிகேட் வேணும், விவரத்த பார்சல் ஆபீஸ்ல முன்கூட்டியே கேட்டுக்கிடுங்க. என்னக் கேட்டா வாங்குறவங்க கார்ல வந்து கூட்டிட்டுப் போகட்டும், வர மெனக்கெடுறவங்கதான் வச்சும் காப்பாத்துவாங்க.

குடுத்த பிறகு

முதல் மூணு நாள் சாப்பிடாது, மூலைல போய் படுத்துக்கும். மூணு வாரத்துல வீட்டு நேரம் பழகும், முழுசா அவங்க நாயா ஆக மூணு மாசம் ஆகும், இது பொதுவா சொல்ற கணக்கு, சிலதுக்கு இன்னும் ஆகும். இத வாங்குறவங்களுக்கு முதல்லயே சொல்லிருங்க, இல்லன்னா ரெண்டாம் நாளே "சோறு திங்க மாட்டேங்குது, கூட்டிட்டுப் போயிருங்க"ன்னு போன் வரும். முதல் ரெண்டு வாரம் வெளிய போகும்போது கயிறு இல்லாம விடவே கூடாது, பழைய வீட்டத் தேடி நாலு வழிச்சாலைல ஏறிரும். நீங்க போன் பண்ணி விசாரிங்க, போட்டோ கேளுங்க, ஆனா ஒரு மாசத்துக்கு நேர்ல போகாதீங்க, உங்களப் பாத்துட்டு மறுபடி அது முதல்ல இருந்து ஏங்கும்.

அங்க சரிப்படலன்னா திருப்பி எடுத்துக்கிடுங்க. வாய் வார்த்தையா இல்ல, நிஜமாவே அதுக்கு இடம் வச்சுக்கிட்டுத்தான் குடுக்கவே ஆரம்பிக்கணும். "குடுத்தாச்சு, இனி அவங்க பாடு"ன்னு சொல்றவங்களாலதான் பைபாஸ் ஓரத்துலயும் மீன் கடை வாசல்லயும் கழுத்துல பெல்ட்டோட நாய் நிக்குது. வீட்டுல வளந்த நாய்க்கு தெருவுல தீனி தேடத் தெரியாது, அந்தத் தெரு நாய்ங்களும் சேக்காது. 1960 மிருகவதை தடைச் சட்டம் 11வது பிரிவுல, பட்டினியா கிடக்கும்படி பிராணிய கைவிடுறது குத்தம்னு இருக்கு. முதல் தடவைக்கு அபராதம் அதிகபட்சம் 50 ரூபாய்தான், அந்தக் காலத்துல போட்டது அப்படியே நிக்குது, அந்தத் தொகையப் பாத்து யாரும் பயப்படப் போறதில்ல, அதனால பொறுப்பு நம்ம மேலதான்.

ஆள் கெடைக்க மாசக் கணக்காகும், வயசான நாய்னா இன்னும் ஆகும். அதுவரைக்கும் அது உங்க நாய், ஊசி, நடை, சோறு எல்லாம் எப்பவும் போல.

நல்ல இடம் கெடைச்சு, ஒரு மாசம் தாண்டினதும் போட்ட விளம்பரம் எல்லாத்தையும் எடுத்துருங்க, ஸ்கிரீன்ஷாட் சுத்துற குரூப்லயும் "குடுத்தாச்சு"ன்னு போடுங்க. உங்க நாய் போட்டோவ வச்சே வேற ஆள் அட்வான்ஸ் கேட்டு ஏமாத்துறது நடக்கு. அதுக்கப்புறமும் போன் வரும், அவங்ககிட்ட உங்க தெருவுல போன வாரம் குட்டி போட்ட நாட்டு நாயப் பத்தி சொல்லுங்க, ரெண்டு மாசம் முடிஞ்சதும் ஊசி போட்டு ஒண்ண எடுத்துட்டுப் போறீங்களான்னு கேளுங்க.